உப்பு கூட என்று எழுதினேன்

அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியில் கொஞ்சம் குழம்பை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது.

நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன். புளி ஏறியிருந்தது. காரம் கொஞ்சம் தாமதித்து வந்தது. கெம்போங் மீனின் ருசி தனியாகத் தெரிந்தது. உப்பு எங்கேயும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை.

சமையல் வராத ஒருத்திக்கு இது கொண்டாட வேண்டிய விஷயம். நானோ நாற்காலியை இழுத்துப் போட்டு அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மேசைமேல் என் தோழி பிலோமினா எழுதிய சமையல் புத்தகம் விரித்தபடி கிடந்தது. ஒரு மஞ்சள் கறைகூட இல்லாத சுத்தமான பக்கம். நான்கு வருடத்துக்கு முன்னால் அந்தப் புத்தகத்தைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் நாற்பது பேர் படிக்க நான் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம். “இதில் உள்ள மூன்று கறிகளைச் சமைத்துப் பார்த்தேன். மூன்றிலுமே உப்பு கூடுதல்.”

நான் ஒன்றைக்கூடச் சமைக்கவில்லை. அன்றைக்கு அடுப்புப் பக்கமே போகவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு, கட்டை விரலால் தட்டி அனுப்பிய பொய் அது.

படுத்துக்கொண்டு படிக்கும் சமையல்

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், செபராங் ஜெயாவில் எங்கள் வீட்டுச் சமையலறை என் கணவர் அல்போன்சின் ராஜ்யம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். ஓய்வு பெற்ற மறுநாளே பசாருக்குப் போய் ஒரு கிலோ இறால் வாங்கிவந்தவர், அதற்குப் பிறகு என்னைக் கரண்டி பிடிக்க விடவில்லை. நானும் சண்டை போடவில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும். நான் அந்த அளவுக்கு முட்டாள் இல்லை.

ஆனால் சமையல் புத்தகம் படிப்பேன். நாவல் படிக்கிற மாதிரியே தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும். தாளிக்கிற இடம் வந்தால் எனக்கு மூக்கில் வாசனை வரும். அதற்குமேல் ஒன்றும் செய்ய மாட்டேன். புத்தகத்தை மூடிவிட்டு, “என்னங்க, இன்னிக்கு என்னா கறி?” என்று கேட்பேன்.

போன மாதம் ஒரு தடித்த நாவல் படித்தேன். அறுநூறு பக்கம். கதாநாயகன் அறுநூறு பக்கமும் யோசிக்கிறான். மழை பெய்தால் யோசிக்கிறான், மழை நின்றாலும் யோசிக்கிறான். ஒரு வேளைகூட அவன் உட்கார்ந்து சாப்பிட்டதாக எழுதவில்லை. வேலைக்கும் போனதாகத் தெரியவில்லை. இவனுக்கு யார் வீட்டு வாடகை கட்டுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கடைசிவரைக்கும் கவலையாக இருந்தது.

அதற்கு முன்னால் படித்தது ஒரு மெல்லிய நாவல். துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கதை. அதில் அவள் கோபமாக இருக்கிற மகனுக்கு ஒன்றும் பேசாமல் முட்டை பொரித்து வைக்கிற ஒரு பக்கம் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்துக்காக அந்த எழுத்தாளர் வீட்டுக்குப் போய் நன்றி சொல்லலாம். நான் அழுதேன். அல்போன்ஸ் யார் செத்தது என்று கேட்டார்.

சமையல் புத்தகம் என்றால், சென்னையிலிருந்து வந்த ஒன்று இப்போது தலைமாட்டில் கிடக்கிறது. “தேவையான அளவு உப்பு” என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். தேவையான அளவு எவ்வளவு என்று தெரிந்தால் நான் ஏன் புத்தகம் வாங்குகிறேன்? ஜார்ஜ்டவுன் கடையில் வாங்கிய ஆங்கிலப் புத்தகம் இன்னொன்று, விலை எண்பது வெள்ளி. எல்லாத் தட்டிலும் உச்சியில் ஓர் இலை. படம் பார்க்க நன்றாக இருக்கிறது, பசிதான் வரவில்லை.

நாவல் எழுதுகிறவர்களைவிடச் சமையல் புத்தகம் எழுதுகிறவர்கள்மேல் எனக்கு மரியாதை அதிகம். நாவலில் பொய் சொன்னால் யாருக்கும் தெரியாது. சமையல் புத்தகத்தில் பொய் சொன்னால் அன்றைக்கு மத்தியானமே அகப்பட்டுக்கொள்வார்கள். ஆனால் அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கருத்து எழுதுகிறவள் பொய் சொன்னால் யார் பிடிப்பது? என்னை யாரும் பிடிக்கவில்லை.

தலை தட்டிய கரண்டி

பிலோமினாவும் நானும் ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் ஒரே நாள் கிராணி வேலைக்கு, அதாவது குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து மேசை. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், “சமைக்க நேரம் பத்தலலா” என்று பதில் சொல்வாள்.

இருபது வருடத்துக்கும் மேலாக நான் அவள் டப்பாவில்தான் மத்தியானம் சாப்பிட்டேன். இரண்டு தட்டு டப்பா கொண்டுவருவாள், ஒன்று எனக்கு. நான் சும்மா சாப்பிடவில்லை. தினமும் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டேன். இன்றைக்குப் புளி குறைவு, நேற்றைக்குத் தேங்காய் கூட. அவளுக்குக் கோபமே வராது. “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வாள். ஆபீசில் எல்லோரும் “நல்லாருக்கு” என்பார்கள். அவள் என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

உப்பு விஷயத்தில் மட்டும் என்னால் ஒரு நாளும் குறை சொல்ல முடிந்ததில்லை. சிறு கரண்டியில் உப்பை அள்ளி, கட்டை விரலால் மேலே வழித்துத் தலை தட்டித்தான் போடுவாள். கண்ணளவு, கையளவு எல்லாம் அவளிடம் கிடையாது.

எங்கள் கோவில் திருவிழாவுக்கு நூறு பேருக்கு மேல் சமைக்கிற பெரிய சட்டிக்கு உப்புப் போடுவது அவள்தான். மற்றவர்கள் வெங்காயம் நறுக்குவார்கள், தேங்காய் துருவுவார்கள். உப்புக்கு பிலோமினா வரும்வரை காத்திருப்பார்கள். அவளிடம் நகை இல்லை, பிள்ளை குட்டி இல்லை. அந்தச் சட்டிக்கு முன்னால் நிற்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நாவல் மட்டும் படிக்க மாட்டாள். எத்தனையோ கொடுத்துப் பார்த்தேன். “அதுல இருக்கிறவங்க கஷ்டத்தையெல்லாம் நான் எதுக்கு சுமக்கணும்?” என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

கோப்பியில் கசப்பு

கோவிட் வந்த காலத்தில் பிலோமினாவுக்கும் வந்தது. ஜார்ஜ்டவுனில் தன் பத்தாவது மாடி வீட்டில் தனியாகக் கிடந்து எழுந்தாள். காய்ச்சல் போய்விட்டது. மணமும் ருசியும் திரும்பவில்லை. இரண்டு மாதம் சோறும் பஞ்சும் ஒன்றாக இருந்ததாம் அவளுக்கு.

ஒரு நாள் காலையில் போன் செய்தாள். “ரோஸ்லின், இன்னிக்குக் கோப்பியில கசப்பு தெரிஞ்சிச்சு. நாக்கு வந்திடுச்சுலா” என்றாள். குரல் உடைந்தது.

நான் அப்போது ஒரு துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, “ம், நல்லது, நல்லது” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். கொலைகாரன் யார் என்று இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. அவள் குரல் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நாக்கு திரும்பி வந்த சந்தோஷத்தில்தான் அவள் புத்தகம் எழுதினாள். அந்தச் சின்ன நோட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கறியையும் மூன்று தடவை சமைத்துப் பார்த்து எழுதினாள். எல்லாவற்றிலும் உப்பின் அளவு போட்டிருந்தது. பட்டர்வொர்த்தில் ஓர் அச்சுக் கடையில் இருநூறு பிரதி அடித்தாள். முதல் பக்கத்தில், “இருபது வருடம் குறை சொன்ன ரோஸ்லினுக்கு” என்று இருந்தது.

வட்டத்தின் சட்டம்

எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு சனிக்கிழமை ஜார்ஜ்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூடும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஆறுமுகம் சார்தான் நடத்துகிறார். அவர் இரண்டு சட்டம் வைத்திருந்தார். நாவலைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் முழுதாகப் படித்திருக்க வேண்டும். சமையல் புத்தகம் என்றால் குறைந்தது மூன்று கறியாவது சமைத்து, டப்பாவில் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

நல்ல சட்டம். என் மாதிரி ஆட்களுக்கென்றே போட்டது. என் முறைக்குச் சமையல் புத்தகம் விழுந்தால் அல்போன்ஸ் சமைப்பார், நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேசுவேன். எனக்கு நாக்கு நீளம் என்று பேர். கடுமையாகப் பேசினால் கை தட்டுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்.

வெளியே போக முடியாத நாட்களில் வட்டம் ஹேண்ட்போனுக்குள் போய்விட்டது. சனிக்கிழமை மூன்று மணிக்குள் கருத்தை எழுதி அனுப்ப வேண்டும். டப்பா கிடையாது. ருசி பார்க்க ஆளும் கிடையாது.

பிலோமினா புத்தகம் எனக்கு விழுந்தது. அல்போன்சிடம் சொன்னேன். “மறுபடியும் புத்தகம் பாத்துச் சமைக்கணுமா? சரி, நல்ல மீன் கிடைக்கட்டும், அடுத்த வாரம் பாப்போம்” என்றார். சனிக்கிழமை காலையில் ஆறுமுகம் சார் வட்டத்தில் ஒரு செய்தி போட்டார். “இன்று நம் ரோஸ்லின் அம்மா. தோழியின் புத்தகம் என்பதால் இன்று கத்தி வெளியே வராது என்று நினைக்கிறேன்.” கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள்.

எனக்குச் சுருக்கென்றது.

உண்மையைச் சொல்ல உட்கார்ந்தபின் பாதியை மறைத்து என்ன பயன். எனக்குப் பொறாமையும் இருந்தது. வாழ்நாள் முழுக்கப் புத்தகம் படித்தவள் நான். ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்று அறுபது வயது வரைக்கும் ஆசைப்பட்டவள் நான். ஒரு நாவலைக்கூட முழுதாகப் படிக்காத பிலோமினாவின் பேர் அட்டையில் இருந்தது.

புத்தகத்தைப் படுத்துக்கொண்டே படித்து முடித்திருந்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. உப்பு கூட என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று தோன்றியது. மீன் புளிக்கறி, கோழிப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பச்சடி என்று மூன்று பேர்களையும் எழுதினேன். “ஆசிரியர் என் நெருங்கிய தோழி. ஆனாலும் நாக்குக்குத் தோழமை தெரியாது” என்று ஒரு வரி சேர்த்தேன். அன்றைக்கு அதுதான் எல்லோருக்கும் பிடித்தது. கட்டை விரல்கள் குவிந்தன.

மூன்று தடவை

பிலோமினா வட்டத்தில், “சரி ரோஸ்லின், பார்க்கிறேன்” என்று மட்டும் எழுதினாள். சாயங்காலம் போன் செய்தாள்.

“மூணுலயுமா கூட?”

“ஆமாலா. கொஞ்சம்தான்.”

“தலை தட்டித்தானே போட்ட?”

“தலை தட்டித்தான் போட்டேன்.”

பிறகு, “அல்போன்ஸ் அண்ணே சாப்பிட்டாரா? அவரு என்னா சொன்னாரு?” என்றாள்.

“அவரும் கூடன்னுதான் சொன்னாரு.”

பேதுரு மூன்று தடவை மறுதலித்தபோது அவருக்குச் சேவலாவது கூவியது. எனக்கு ஒன்றும் கூவவில்லை. அல்போன்ஸ் சமையலறையில் குக்கரைத் திறந்துகொண்டிருந்தார், அவர் பேரையும் நான் விற்றது தெரியாமல்.

அப்போதே சொல்லியிருக்கலாம். விளையாட்டுக்கு எழுதினேன், மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை. இருபது வருடம் தினமும் குறை சொல்லி ஒன்றும் ஆகவில்லையே, இது மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

கோவில் திருவிழா மறுபடி தொடங்கியபோது அவள் சமைக்க வரவில்லை. முட்டி வலி என்றாள். அடுத்த வருடமும் முட்டி வலி. புத்தகம் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, “தீர்ந்து போச்சு” என்றாள். சந்தோஷப்பட்டேன். நாங்கள் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். பாவசங்கீர்த்தனத்தில்கூட, “சில பொய்கள் சொன்னேன், சாமி” என்று மொத்தமாகக் கட்டி வைத்துவிட்டு வந்தேன். சாமியாரும் மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

அல்போன்சின் கால்

இந்த வருடம் அல்போன்ஸ் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் கட்டு. மூன்று நாள் கடைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். நான்காம் நாள் பொட்டலத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு வழியில்லாமல் அலமாரியில் இருந்து ஒரு சமையல் புத்தகத்தை இழுத்தேன். கையில் வந்தது பிலோமினாவுடையது. உப்பின் அளவை ஒழுங்காகப் போட்டிருந்த ஒரே புத்தகம் அதுதான்.

அப்படித்தான் அந்தக் குழம்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அல்போன்ஸ் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீயா சமைச்ச?”

“உப்பு எப்படி?”

“அளவா இருக்கு. ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?”

சொன்னேன். அவர் பேரைச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். நாற்பது வருடத்தில் சோற்றுத் தட்டை அவர் பாதியில் வைத்து நான் பார்த்ததில்லை.

“நாலு வருஷமா அந்தப் புள்ளை என்கிட்ட ஒரு கறியைப் பத்தியும் பேசல. நான்தான் என்னவோ தப்பாப் பேசிட்டேன் போலன்னு நினைச்சிக்கிட்டு இருந்தேன்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் கோழிப் பிரட்டல் சமைத்தேன். அதற்கு மறுநாள் கத்தரிக்காய்ப் பச்சடி. வட்டத்தின் சட்டப்படி மூன்று. மூன்றிலும் உப்பு அளவாக இருந்தது.

பத்தாவது மாடி

சனிக்கிழமை காலையில் மறுபடியும் மீன் புளிக்கறி வைத்தேன். அவள் எழுதிய மாதிரியே ஒரு கரண்டி உப்பு, கட்டை விரலால் வழித்து. டப்பாவில் ஊற்றித் துணியில் கட்டி, பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறினேன். கடல் தாண்டுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் சொல்ல வேண்டியதை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே நாவலில் வருகிற வசனம் மாதிரி இருந்தது.

கதவைத் திறந்த பிலோமினா இளைத்திருந்தாள். “என்னா திடீர்னு? வா, வா. சாப்ட்டியா?” என்று கேட்டுக்கொண்டே தட்டை எடுத்து வைத்தாள். அவள் வீட்டில் சாப்பிட்டாயிற்று என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உட்கார்ந்தேன். சோறு, பருப்பு, முட்டைக்கோஸ் பிரட்டல், ஒரு துண்டு பொரித்த மீன்.

ஒரு வாய் வைத்தேன். மென்றேன். இன்னொரு வாய் வைத்தேன்.

உப்பு இல்லை. முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. எங்கேயோ அடியில் கொஞ்சம் இருந்தது. பருப்பு வெறும் மஞ்சள் தண்ணீராக இருந்தது. மீன் காகிதம் மாதிரி இருந்தது. இருபது வருடம் இந்தக் கையின் சாப்பாட்டைச் சாப்பிட்டவள் நான்.

அவள் எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உப்பு கூடிடலையே?” என்றாள்.

“இல்ல” என்றேன்.

“நீ எழுதினதுல இருந்து பாதிதான் போடுறேன். புத்தகத்துல ஒரு கரண்டின்னா, அரைக் கரண்டி. ஆரம்பத்துல வாயில வைக்க முடியல. அப்புறம் சரியாப் போச்சு.” மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “என் நாக்கு திரும்பி வரவே இல்ல, ரோஸ்லின். வந்திடுச்சுன்னு நான்தான் நினைச்சிக்கிட்டேன். நீ எழுதின அன்னிக்கு ராத்திரியே அந்த மூணு கறியையும் சமைச்சுப் பாத்தேன். எனக்கு உப்பு சரியாத்தான் தெரிஞ்சிச்சு. அப்பத்தான் பயம் வந்திச்சு.”

“அதான் திருவிழாவுக்கு வரலியா?”

“நூறு பேர் சாப்பிடுற சட்டிலா. நான் போய் கெடுக்கலாமா?”

கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டிகள் தெரிந்தன. மேல் பெட்டி பாதி திறந்திருந்தது. உள்ளே தெரிந்த புத்தகங்களின் பச்சை அட்டையை எனக்குத் தெரியும். ஒன்றும் தீர்ந்து போகவில்லை. தப்பான புத்தகத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அவள் வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் கையைக்கூடக் கழுவவில்லை. “பிலோமினா, நான் சமைக்கவே இல்ல” என்றேன். “அன்னிக்கு ஒண்ணுகூடச் சமைக்கல. படுத்துக்கிட்டே பொய் எழுதினேன். அல்போன்ஸ் சாப்பிடவே இல்ல. அதுவும் பொய். எனக்குப் பொறாமை. உன் நாக்குல ஒரு கோளாறும் இல்ல. இப்ப மூணையும் சமைச்சேன். மூணுலயும் உப்பு அளவா இருக்கு. நீ எழுதினது எல்லாம் சரி.”

ஃபெரியில் ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. அழுகைதான் வந்தது.

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபப்பட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். அவள் எழுந்து போய்த் துணியை அவிழ்த்து டப்பாவைத் திறந்தாள். ஒரு கரண்டி எடுத்து, ஊதி, வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

அவள் முகம் சுருங்கியது. தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

“எத்தனை கரண்டி போட்ட?”

“ஒண்ணு. நீ எழுதின மாதிரி. தலை தட்டி.”

“கூடத்தான் இருக்கு” என்றாள்.

“இல்ல பிலோமினா. நாலு வருஷமா நீ பாதி உப்பு சாப்பிட்டுப் பழகிட்ட. அதனாலதான் உனக்குக் கூடத் தெரியுது. அல்போன்சைக் கேட்டுப் பாரு. யாரையாச்சும் கேட்டுப் பாரு.” போனை எடுத்து அவள் கையில் திணித்தேன். அவள் அதை மேசையில் வைத்துவிட்டாள்.

“அவருக்கு நீ சொல்லிக் கொடுத்திருப்ப” என்று சிரித்தாள். கேலியாக இல்லை. குழந்தையைச் சமாதானப்படுத்துகிற சிரிப்பு. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எச்சில் காய்ந்துகொண்டிருந்த என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“புத்தகம் வந்தப்ப எல்லாரும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னாங்க. நீ ஒருத்திதான் உண்மையைச் சொன்ன. அதுக்குப் போய் இவ்வளவு தூரம் வந்து அழுவுறியா?”